சுவரைத் தட்டிப் பார், தம்பி!

ஆணி வளைந்துவிட்டதா? சுத்தியலைத் தூக்கிப் போடாதே. "நமக்கு இதெல்லாம் வராதுப்பா" என்ற பேச்சை மட்டும் வாயில் எடுக்காதே. வளைந்தது ஆணிதான், நீ நிமிர்ந்து நில்!

சிங்கப்பூரின் கிராஞ்சியில் தங்கி வேலை பார்க்கும் தம்பிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பகல் முழுக்க யார் யார் வீட்டுச் சுவரிலோ துளை போடுகிறாய். இரவு கட்டிலுக்குத் திரும்பினால், உன் அம்மாவின் படம் பெட்டிக்குள் சட்டை மடிப்பில் கிடக்கிறது. ஒருமுறை மாட்டினாய், விழுந்தது, கண்ணாடி நொறுங்கியது, அன்றோடு விட்டுவிட்டாய். விடலாமா? இதே கிராஞ்சியின் போர் நினைவிடத்துக்கு ஒரு நாள் போய்ப் பார். கல்லறைகூடக் கிடைக்காத வீரர்கள் உட்பட 24,000-க்கும் அதிகமானோரின் பெயர்கள் அங்கே சுவர்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இந்தியச் சிப்பாய்களும் அதில் உண்டு. மண்ணில் இடம் கிடைக்காதவனுக்கும் சுவர் இடம் கொடுத்திருக்கிறது. உன் அம்மாவுக்கு ஒரு சாண் இடம் கொடுக்காதா?

கொடுக்கும். முதலில் விரலை மடக்கிச் சுவரைத் தட்டு. உள்ளே காலியாக ஒலித்தால் ஜிப்சம் பலகை. அதற்குப் பின்பக்கம் விரிந்து பிடிக்கும் தனி பிளக் இருக்கிறது. விரல் வலித்தால் செங்கல் அல்லது கான்கிரீட். டிரில் முனையில் கொட்டும் தூள் மீதியைச் சொல்லிவிடும்: சிவந்திருந்தால் செங்கல், சாம்பலாக இருந்தால் கான்கிரீட். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் கான்கிரீட் சுவர்கள் நிறைய. அதில் சாதாரண ஆணி வளையத்தான் செய்யும்.

அங்கே சுத்தியல் டிரில் எடு. 6 மி.மீ. பிளக்குக்கு 6 மி.மீ. கான்கிரீட் பிட். பிளக்கின் நீளத்தைவிடத் துளை கொஞ்சம் ஆழமாக இருக்கட்டும். பிறகு தூளை வெளியேற்று. பாதிப்பேர் கோட்டைவிடுவது இங்கேதான். தூள் அடைத்த துளையில் எந்தப் பிளக்கும் பிடிக்காது. பிளக் மேல்பூச்சோடு நின்றுவிடாமல் அதைத் தாண்டி உள்ளே உட்கார வேண்டும். சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் கை வைக்காதே, ஒயர் ஓடும்.

அந்தச் சின்னப் பிளக்கைச் சாதாரணமாக நினைக்காதே. நாம் 'ராவல் பிளக்' என்கிறோமே, அது ரவ்லிங்ஸ் என்ற ஆங்கிலேயரின் பெயர். நூறு ஆண்டுகளுக்கு முன் சணல் நாரில் அதைச் செய்தார். 1958-இல் நைலான் பிளக்கைக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் ஆர்ட்டர் ஃபிஷர். கிராமத்துத் தையற்காரரின் மகன், பூட்டு வேலை பழகியவர். கையில் கருவி பிடித்த அந்த மனிதர் 1,100-க்கும் அதிகமான காப்புரிமைகளைப் பெற்றார்! ஸ்க்ரூ உள்ளே போகப் போகப் பிளக் விரிந்து சுவரை நெருக்கிப் பிடிக்கிறது. நெருக்க நெருக்கத்தான் பிடி இறுகுகிறது. உன்னையும் வாழ்க்கை நெருக்குகிறது அல்லவா? நீயும் இறுகு!

கம்பியையும் கவனி. 5 கிலோ படத்தின் பின்கம்பி கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால், ஒவ்வொரு பக்கமும் 5 கிலோ இழுவை. கம்பியை விறைப்பாகக் கட்டி 10 டிகிரி ஆக்கினால் அதே படம் 14 கிலோவுக்கு மேல் இழுக்கும். பழைய பிரேமின் கொக்கி பிய்ந்து வருவது இதனால்தான். கம்பியைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டு. கனமான படமென்றால் இரண்டு கொக்கிகள் போடு.

விடுதிச் சுவரில் துளை போடக் கூடாது என்கிறார்களா? நல்லது, அதற்கும் வழி இருக்கிறது. சின்னப் படத்துக்கு ஒட்டுக் கொக்கி போதும். அட்டையில் எவ்வளவு எடை தாங்கும் என்று போட்டிருக்கும், அதை மீறாதே. சுவரை ஆல்கஹாலால் துடைத்து, கொக்கியை 30 விநாடி அழுத்திப் பிடி. ஒரு மணி நேரம் பொறு. அவசரப்பட்டு அப்போதே மாட்டியவனின் படம்தான் நடுராத்திரியில் விழுகிறது. இரும்பு அலமாரி இருந்தால் காந்தக் கொக்கி இன்னும் சுலபம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போகும்போது அம்மா படத்துக்குப் புதுக் கண்ணாடி போட்டு வா. பொழுது சாய்வதற்குள் மாட்டிவிடு. மாட்டியதும் ஊருக்கு வீடியோ கால் போட்டு அம்மாவிடமே காட்டு.