அரைத்தவர் யார்?

தரங்கம்பாடிக் கோட்டை அருங்காட்சியகத்தில் வாளும் ஈட்டியும் பீரங்கிக் குண்டும் இருக்கின்றன. என்னை நகரவிடாமல் பிடித்துக்கொண்டவை அவை அல்ல, பெரிய அரைவைக் கற்கள்.

டேனியர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை அது. இன்று தமிழ்நாடு தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. சீனத்துத் தேயிலைச் சாடி, டேனிய ஆவணம், சுடுமண் பொம்மை, திமிங்கல எலும்பு என்று அந்தச் சிற்றூருக்குக் கடல் கொண்டுவந்து சேர்த்தவை உள்ளே நிறைந்திருக்கின்றன.

கோட்டையின் கதையில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. கப்பலில் வந்த தளபதி ஓவே கெட்டே, அவரை அனுப்பிய மன்னர் நான்காம் கிறிஸ்டியன், இடம் கொடுத்த தஞ்சை இரகுநாத நாயக்கர். நாயக்கர் பொன் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. 1845இல் டேனியர் வசமிருந்த செராம்பூரையும் சேர்த்து இந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்ற விலை 12.5 லட்சம் ரூபாய் என்பதுகூட நமக்குத் தெரியும். அந்தக் கற்களில் அரைத்தவர் பெயர் மட்டும் தெரியாது.

எனக்கு இது பொறுக்கவில்லை. கோட்டைக்குள் இருந்தவர்கள் சாப்பிட்டது யாரோ அரைத்துக் கொடுத்ததைத்தான். சுவருக்குச் செங்கல் சுமந்தவர்களுக்கும் வீடு இருந்திருக்கும், பிள்ளைகள் இருந்திருப்பார்கள். கணக்கு எழுதியவர்கள் கூலியை எழுதியிருப்பார்கள், ஆளை எழுதியிருக்க மாட்டார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? என் பாட்டியின் அம்மி எங்கள் கொல்லையில் கிடக்கிறது. பாட்டிக்கு அதைக் கொடுத்த தாயாரின் பெயரைக் கேட்டால் வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. நான்கே தலைமுறைக்குள் ஒரு மனுஷி இல்லாமலே போய்விடுகிறாள். கல் மட்டும் மிஞ்சுகிறது.

நம் காலத்துக் கதைகளுக்கும் இதே கதி நேரலாம். 2004 டிசம்பர் 26 அன்று தரங்கம்பாடிக் கரையில் சுனாமியில் கடல் ஊருக்குள் புகுந்து பல உயிர்களைக் கொண்டுபோனது. அன்று தப்பிய மீனவர்கள் அந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் காலையில் யார் யாரை இழுத்துக் காப்பாற்றினார்கள், எந்தப் படகு எங்கே ஒதுங்கியது என்பதெல்லாம் அவர்கள் வாயில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதிவைக்கக் கோட்டையில் ஓர் அறை ஒதுக்கினால் போதும்.

உங்கள் ஊரில் அருங்காட்சியகம் இல்லாமல் இருக்கலாம். வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். மூத்தவர்களிடம் கேட்டு, பெயர், செய்த தொழில், கையாண்ட கருவி, மூன்றையும் எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் தேதியையும் அடியில் போட மறக்காதீர்கள்.