இரவல் போன இதழ்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய இதழ் சேர்ப்பவர்கள் இரண்டு வகை. கதைக்காகச் சேர்த்தவர்கள் ஒரு வகை. 1950 முதல் 'கல்கி'யில் வாராவாரம் வந்த 'பொன்னியின் செல்வ'னைக் கழற்றியெடுத்து, மணியத்தின் சித்திரங்களோடு கட்டுவித்து வைத்தவர்கள் அவர்கள். கட்டும்போது அட்டைகள் கழிவாகிவிடும். அந்த அட்டைக்காகவே இதழைத் தேடுபவர்கள் மற்ற வகை. நான் இவர்களில் ஒருவன்.

ஓர் இதழ் யாரைப் பெரிதாக நினைக்கிறது என்பது அட்டையில்தான் தெரியும். தமிழகத்து இதழ்கள் கடைகளில் வண்ணம் வண்ணமாகத் தொங்கிய காலத்தில், 1966 ஆகஸ்டில் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை'யைத் தொடங்கினார். ஈழத்து எழுத்தாளர்களின், கலைஞர்களின் முகங்கள் அதன் அட்டைக்கு வந்தன. எங்கட ஆட்களும் அட்டைக்கு உரியவர்கள் என்று சொல்ல அன்றைக்குத் துணிவு வேண்டியிருந்தது. அந்த அட்டைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், ஒரு சமூகம் தன்னை மதிக்கப் பழகியது புரியும்.

இத்தனை அருமை தெரிந்தவனுக்கு இரவல் கொடுக்க மனம் வராது. கொடுத்தால் திரும்பாது என்ற பயம். அலுமாரியைப் பூட்டிவைப்பதே பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் இந்த மண்ணின் அனுபவம் வேறு. 1981 ஜூன் தொடக்கத்தில் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தன. 1995 அக்டோபர் கடைசியில் போரால் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்த இரவில், பிள்ளைகளையும் காணி உறுதியையும் கொண்டு போனவர்களிடம் இதழ்க்கட்டுக்கு ஏது கை?

பூட்டி வைத்தவை பல போயின. இரவல் போய்த் திரும்பாதவை, கொழும்பிலோ கடல் கடந்தோ யாரோ ஒருவர் வீட்டில் தப்பியிருக்கும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகம் இன்று ஈழத்து இதழ்களைப் படியெடுத்து எவரும் வாசிக்க வைத்திருக்கிறதென்றால், பல கைகளில் சிதறிக் கிடந்ததும் அதற்கு ஒரு காரணம்.

தன்னிடம் மட்டுமே இருப்பதில் சேகரிப்பவனுக்கு ஒரு பெருமை உண்டு. ஒருவனிடம் மட்டும் இருக்கும் பொருள் அழிய ஒரு கறையான் புற்றே போதும். ஆகவே ஒரே இதழில் இரண்டு பிரதி கிடைத்தால், அட்டை கிழியாததைப் படியெடுக்கக் கொடுத்துவிட வேண்டும். கிழிந்தது என்னிடம் இருந்தால் போதும்.