தூய சுவை எவருக்கு?

சுவை என்பது அவரவர் நாவைப் பொறுத்தது, அதிலே நியாயம் அநியாயம் பேச இடமில்லை எனக் கூறுவோர் பலர். ஆயின் வைன் சுவைப்பதையே தொழிலாகக் கொண்டோர் கையாளும் சொற்களை உற்றுநோக்கின் நிலைமை வேறாகத் தோன்றும். 'தூய்மையான' வைன், 'நேர்மையான' வைன், 'கலப்பற்ற' வைன் என்று அவர்கள் பேசுகிறார்கள். இவை நாவின் சொற்களல்ல, அறத்தின் சொற்கள். ஒரு பானத்தின்மீது அறத்தின் சொற்கள் ஏற்றப்படும்போது, ஏற்றியவர் யார், அத்தூய்மையைப் பேணும் வசதி அவருக்கு எங்கிருந்து வந்தது என வினவுதல் தகும். குளிர்நாட்டுச் சிறு உற்பத்தியாளரின் வைன் இன்று பெரிதும் போற்றப்படுவதனால், இவ்வினாவை அங்கேயே எழுப்புவோம். ஜேர்மனியின் மோசல் ஆற்றுப் பள்ளத்தாக்கு இதற்குப் பொருத்தமான இடம்.

வடக்கே ஏறத்தாழ 50ஆம் அகலக்கோட்டில், திராட்சை முதிர்வதே ஐயத்துக்குரியதாயிருந்த எல்லையில் அமைந்தது இப்பள்ளத்தாக்கு. தெற்கு நோக்கிய செங்குத்தான சரிவுகளிலேதான் கொடிக்குப் போதிய வெயில் கிடைக்கும். அங்குள்ள சிலேட்டுக்கல் பகலில் வாங்கிய வெம்மையை இரவில் மெல்ல விடுகிறது. ஆற்றுநீர் ஒளியைத் திருப்பி எறிகிறது. பிரெம் என்னும் ஊருக்கு மேலுள்ள கால்மொன்ட் சரிவு சில இடங்களில் ஏறத்தாழ 65 பாகை வரை சாய்ந்தது. அங்கே நிற்பதே ஒரு வேலை. மழை அரித்துக் கீழே கொணர்ந்த கல்லையும் மண்ணையும் முதுகுக்கூடையிற் சுமந்து மீண்டும் மேலேற்றுவதைத் தலைமுறை தலைமுறையாக அம்மக்கள் செய்துவந்தனர். சுவைஞர்கள் 'மண்ணின் மணம்' என வியப்பதில் இந்த முதுகுகளுக்கும் பங்குண்டு.

இங்கு விளையும் ரீஸ்லிங் திராட்சையின் சிறப்பு அதன் புளிப்பு. குளிரிலே பழம் மெதுவாக முதிர்வதால் புளிப்பு அழியாது நிற்கிறது. நொதித்தலை இடையில் நிறுத்தினால் சாராயச் சத்து 8 வீதமளவில் நின்று, சிறிது இனிப்பும் எஞ்சும். ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இவ்விரண்டின் பயனும் உணவோடு சேரும்போதே நன்கு விளங்கும். பன்றி இறைச்சியின் கொழுப்பையும் புகையூட்டிய மீனின் எண்ணெயையும் புளிப்பு அறுத்து நாவைக் கழுவுகிறது. மிளகாய்க் காரமுள்ள உணவுக்கும் இந்த வைனையே பலர் பரிந்துரைப்பர். சாராயச் சத்து மிகுந்தால் காரத்தின் எரிவு கூடும், இனிப்போ அதனைத் தணிக்கும். மீன்குழம்பிலே புளியின் அருமையை அறிந்த எமக்கு இவ்விளக்கம் அந்நியமானதன்று. எனவே சுவையறிதல் யாவும் மேட்டுக்குடியினரின் வெறும் வேடம் என்று ஒதுக்கிவிடும் நண்பர்களுடன் நாம் உடன்படுவதற்கில்லை. வேறுபாடு உண்மையானது, பயிற்சியால் அறியக்கூடியது.

ஆயினும் அதே புளிப்புக்கு மற்றொரு முகமும் உண்டு. வெயில் குறைந்த ஆண்டிலே பழம் முதிராது; வைன் வாயில் வைக்க முடியாதவாறு புளிக்கும். 1815இல் ரைன்லாந்து பிரஷ்யாவின் கைக்கு வந்தது. 1818ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் மோசல் வைனுக்குப் பிரஷ்யச் சந்தையைத் திறந்துவிடவே, விவசாயிகள் நம்பிக்கையோடு கொடி நட்டனர். 1834இல் ஜேர்மன் சுங்க ஒன்றியம் அமைந்தபோது தென்னாட்டு வைன் தடையின்றி உள்ளே வந்தது. விலை விழுந்தது, விவசாயி கடனில் மூழ்கினான். நிருபர் ஒருவர் இத்துயரை எழுதியபோது அரசு அதிகாரிகள் அதனை மிகைப்படுத்தல் என்றனர். 1843 ஜனவரியில், அந்நிருபருக்காக வாதிட்டு 'ரைனிஷ் சைற்றுங்' பத்திரிகையில் எழுதியவர் அதன் ஆசிரியர், ஆற்றங்கரை நகரான ட்ரியரிற் பிறந்த 24 வயது இளைஞர் கார்ல் மார்க்ஸ். தனிமனிதரின் நல்லெண்ணத்திலோ தீயெண்ணத்திலோ காரணத்தைத் தேடாது, நிலைமைகளின் இயல்பிலே தேடவேண்டும் என்பது அவர் வாதம். பொருளாதாரப் பிரச்சினைகளை ஆராயத் தம்மை முதன்முதலில் உந்தியவற்றுள் மோசல் விவசாயிகளின் நிலையும் ஒன்று என 1859இல் அவரே குறிப்பிட்டார்.

அதே ட்ரியரில் 1850களில் லுட்விக் கால் என்னும் சமூகச் சீர்திருத்தவாதி ஒரு வழி சொன்னார். நொதிக்கும் முன்னர் சாற்றிலே சர்க்கரை கரைத்த நீரைச் சேர்த்தால் புளிப்புக் குறையும், சாராயச் சத்து ஏறும், தீய ஆண்டின் வைனும் விலைபோகும். ஏழை விவசாயிக்கு இது உயிர்மூச்சாயிற்று. இதற்கு எதிராகத்தான் 'இயற்கை வைன்' என்னும் கொடி உயர்த்தப்பட்டது. சர்க்கரை சேராத வைனை ஏலத்தில் விற்கும் தோட்ட உரிமையாளர்கள் 1910இல் நாடளாவிய சங்கம் அமைத்தனர். அவர்களுட் பலரிடம் வெயில் நன்கு விழும் சரிவுகள் இருந்தன. பிரெஞ்சு ஆட்சியில் திருச்சபையின் நிலங்கள் பறிக்கப்பட்டு ஏலம் விடப்பட்டபோது சிறந்தவற்றைப் பெரும்பாலும் பணமுடையோரே வாங்கியிருந்தனர். வெயிலை விலைக்கு வாங்கியவனுக்குச் சர்க்கரை எதற்கு?

சர்க்கரை சேர்ப்பது ஏமாற்று அன்றோ எனக் கேட்கலாம். வணிகர் பலர் அம்முறையைத் துஷ்பிரயோகம் செய்து, நீரைப் பெருக்கி வைனைப் பெருக்கினர் என்பதும் மெய்யே. குடிப்பவனிடம் மறைத்தால் அது வஞ்சனை. 1985இல் ஒஸ்திரியாவில் சிலர் வைனை இனிமையும் செழுமையும் உடையதாகக் காட்டுவதற்கு டைஎதிலீன் கிளைக்கோல் என்னும் நச்சு இரசாயனத்தைக் கலந்து பிடிபட்டதை இங்கு நினைவுகூரலாம். ஆனால் வஞ்சனை வேறு, வறுமைக்கான பரிகாரம் வேறு. மறைக்காது சர்க்கரை சேர்த்தவனை ஒழுக்கங்கெட்டவனாகக் காட்டியது நாவன்று, நிலவுடைமை. அவன் வைன் சுவையிற் குறைந்தது என்று சொல்லும் உரிமை சுவைஞனுக்கு உண்டு. அவன் நேர்மையிற் குறைந்தவன் என்று சொல்லும் உரிமை இல்லை. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிவிடும் வழக்கத்தையே நாம் மறுக்கிறோம்.

அவ்விவசாயி தன் மேசையில் என்ன குடித்தான்? வைன் விற்பனைக்கு. வீட்டிலோ, பிழிந்தெடுத்த சக்கையில் நீர் ஊற்றி மீண்டும் நொதிக்கவைத்த 'ஹவுஸ்ட்ருங்', அன்றேல் அப்பகுதியின் அப்பிள் மதுவான 'ஃபீஸ்'. மலையகத்தில் கொழுந்து பறிப்போரின் கேத்தலில் கொதிப்பது எத்தரத் தேயிலை என்பதை அறிந்த எமக்கு இது வியப்பளிக்கும் செய்தியன்று. எந்த வைனுக்கு எந்த உணவு பொருந்தும் என வகுத்த நூல்களில் அவன் உணவையும் பானத்தையும் தேடுவது வீண்.

இன்று காலநிலை வெப்பமடைந்துவிட்டதனால் பழம் முதிராத ஆண்டுகள் அரிதாகிவிட்டன. சர்க்கரைக்குத் தேவை குறைந்தது; தூய்மை முன்னரிலும் பலருக்கு எட்டியது. குளிர் மிகுந்தவை என ஒருகாலத்தில் தள்ளப்பட்ட சரிவுகளைத் தேடிச் செல்வோரும் உளர். சரிவு மட்டும் சாயாமல் விடவில்லை. சில இடங்களில் ஒற்றைத் தண்டவாள வண்டி சுமையை ஏற்றுகிறது. மற்ற வேலைகளுட் பல இன்னும் கையாலேயே நடக்கின்றன. அறுவடைக்குப் போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் கூலியாட்கள் வருகின்றனர். 1990களின் தொடக்கத்தில் 12,000 ஹெக்டேயருக்கு மேலிருந்த மோசல் திராட்சை நிலம் இன்று 9,000இற்கும் குறைவு. முதலிற் கைவிடப்படுபவற்றுள் முன்னிற்பவை, உழைப்பை மிகுதியாகக் கேட்கும் செங்குத்துச் சரிவுகளே. போத்தலின் முகப்பில் ஊர், சரிவு, ஆண்டு, பழத்தின் முதிர்ச்சித் தரம் யாவும் அச்சிடப்பட்டிருக்கும். அப்பழத்தைக் கொய்தவருக்குக் கொடுத்த கூலி அச்சிடப்படுவதில்லை. அவ்வைன் எவ்வளவு நேர்மையானது என்று கேட்கும் சுவைஞர் அதனையும் கேட்டறிய வேண்டியிருக்கும். அதற்கு நா உதவாது.