அழுக்கும் தழும்பும்

பழைய போர்க்காலச் சவரக் கருவியொன்றைப் புதுப்பிப்பவன் எதனைப் புதுப்பிக்கிறான்? அற்பக் கேள்வியாகத் தோன்றலாம். ஆயின், வரலாற்றை நாம் எவ்வாறு பேணுகிறோம் என்ற பெரிய கேள்வி இதனுள் அடங்கியுள்ளது.

அலகை மாற்றிப் பயன்படுத்தும் சவரக் கருவியை 1903 இல் சந்தைக்குக் கொண்டுவந்த அமெரிக்கரான கிங் ஜில்லற், வணிகப் போட்டியே சமுதாயத் தீமைகளின் வேர் என்று 1894 இல் நூலெழுதியவர். அவர் பெயர் தாங்கிய நிறுவனமோ, முதலாம் உலகப் போரில் அமெரிக்க அரசுக்கு 35 இலட்சம் கருவிகளையும் 3 கோடிக்கும் மேற்பட்ட அலகுகளையும் விற்றது. போர்முனை சென்ற இளைஞரின் முகங்களே நாளைய சந்தையாயின.

இரண்டாம் உலகப் போரில் பித்தளை தோட்டா உறைகளுக்கு வேண்டப்பட்டது. ஆகவே கருவிகள் பலவற்றில் உருக்கும் பிளாஸ்ரிக்கும் இடம்பெற்றன. பளபளக்கும் முலாம் அருகியது. காந்தம் பற்றினால் உருக்கு, பற்றாவிடிற் பித்தளையாகலாம். பிரித்தானியப் படைக்குரியவற்றில் அம்புக்குறி காணப்படுவதுண்டு. அது அரச உடைமையின் முத்திரை. சவரம் செய்தவனின் பெயர் அங்கில்லை; அவன் கைபட்ட தேய்வும் கீறலுமே எஞ்சியுள்ளன.

இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் மென்தூரிகையும் அழுக்கை நீக்கும். அது கடமை. அராவித் தேய்த்துப் புதுமுலாம் பூசுவதோ வேறு. அழகு கூடுகிறது; சாட்சியம் அழிகிறது. முலாமின்றேல் உருக்குத் துருவேறுமே என்பர். மெய்தான், நன்கு உலர்த்திச் சிறிது எண்ணெய் தடவினால் அதனைத் தடுக்கலாம்.

அழுக்கை அகற்றுவோம், தழும்பை அழியோம். கருவிக்கு மட்டுமன்று, வரலாற்றுக்கும் இதுவே நெறி.