அட்டைப்பெட்டி சேகரிக்கும் முதியவரை விசாரித்தோமா?



அல்லாஹ் சுப்ஹானஹு வதஆலாவுக்கு அஞ்சி வாழ்வோமாக. அவன் ஏவியதைச் செய்து, விலக்கியதை விட்டு விலகி நடப்போமாக.

நம் புளோக்கின் கீழ்த்தளத்திலும் உணவங்காடியின் பின்புறத்திலும், தள்ளுவண்டியில் அட்டைப்பெட்டிகளை அடுக்கிக் கட்டிச் செல்லும் முதியவர்களை நாம் பார்க்கிறோம். சிங்கப்பூரில் இது அன்றாடக் காட்சி. அதனாலேயே அது நம் மனத்தில் பதிவதில்லை.

அந்த உழைப்பின் கணக்கைப் பாருங்கள். பெட்டியைப் பிரித்து, தட்டையாக்கி, கட்டி, வாங்குபவரிடம் கொண்டு போக வேண்டும். கிலோவுக்கு 10 காசு கிடைத்தால், 100 கிலோ இழுத்தவருக்கு 10 வெள்ளி. அந்த விலையும் நிலையானதல்ல. 2018இல் சீனா வெளிநாட்டுக் கழிவுத்தாள்களுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தபோது, அட்டையின் விலை பல நாடுகளில் சரிந்தது. எங்கோ எடுத்த முடிவு, ஒரு பாட்டியின் அன்றைய சாப்பாட்டைத் தொட்டது.

சகோதரர்களே! ஒருவர் கயிற்றை எடுத்துச் சென்று, விறகுக் கட்டைத் தம் முதுகில் சுமந்து வந்து விற்பது, மக்களிடம் கையேந்துவதைவிடச் சிறந்தது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். இது புகாரியில் பதிவான ஹதீஸ். அந்த விறகுக் கட்டுக்கும் இந்த அட்டைக் கட்டுக்கும் என்ன வித்தியாசம்? இது ஹலாலான உழைப்பு. இதைப் பார்த்து முகம் சுளிக்க நமக்கு உரிமை இல்லை.

ஆனால் உழைப்பைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடவும் முடியாது. "பொழுதுபோக்குக்குச் செய்கிறார்" என்கிறார் ஒருவர். "பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள்" என்கிறார் மற்றொருவர். இருவரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்காமல் கையேந்தாமல் இருப்பவர்களை, விவரம் அறியாதவர் வசதியுள்ளவர் என்று எண்ணிவிடுவார் என்று சூரா அல்பகராவின் 273ஆம் வசனம் நம்மை எச்சரிக்கிறது.

மதீனாவின் பள்ளிவாசலைப் பெருக்கிவந்த ஒரு பெண்மணியை நினைவுகூருங்கள். சில நாள்கள் அவரைக் காணாதபோது நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இறந்துவிட்டார் என்றார்கள் தோழர்கள். அவருடைய விஷயம் சிறியது என்று எண்ணி, நபியவர்களுக்குச் சொல்லாமலேயே அடக்கம் செய்திருந்தார்கள். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்ட நபியவர்கள், அவரது கப்ரைத் தேடிச் சென்று தொழுகை நடத்தினார்கள்.

நம் புளோக்கில் அட்டை சேகரிக்கும் அந்தத் தாத்தா ஒரு வாரம் வராவிட்டால், நம்மில் யார் விசாரிப்போம்?

அவர் நம் சமயத்தவர் அல்லவே என்று சொல்லிவிடாதீர்கள். உமர் (ரலி) அவர்கள் ஒரு முதிய யூதர் யாசிப்பதைக் கண்டு, ஏன் இந்த நிலை என்று கேட்டார்கள். பிறகு வீட்டிற்கு அழைத்துச் சென்று கொடுத்தார்கள். பொதுநிதியிலிருந்தும் உதவி கிடைக்கச் செய்தார்கள். உதவிக்கு முன்னால் வந்தது விசாரிப்பு.

இரண்டாம் குத்பா

கண்ணியமிக்க ஜமாஅத்தார்களே! இந்த வாரமே நாம் செய்யக்கூடியவை சில:

அவருக்கு முகமன் கூறுங்கள். பெயரைக் கேளுங்கள். சாப்பிட்டாரா, கால் வலி எப்படி என்று கேளுங்கள். அவர் பேச விரும்பாவிட்டால் அதையும் மதியுங்கள்.

வீட்டிலுள்ள பெட்டிகளை நனையாமல், தட்டையாக்கி, அவர் கையில் கொடுங்கள். கடை வைத்திருப்பவர்கள் ஒரு நேரம் குறித்து எடுத்து வையுங்கள். முதியவர்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டு அலைய வேண்டியதில்லை.

பழைய பொருள் வாங்குபவர்களே, தராசில் நேர்மையாக இருங்கள். அளவில் குறைப்போருக்குக் கேடு என்பதைக் கொண்டே சூரா அல்முதஃப்ஃபிஃபீன் தொடங்குகிறது. குறைத்த ஒரு கிலோ நமக்கு அற்பம். அவருக்கு அது இன்னொரு நடை.

தேவை இருப்பதாக அவரே சொன்னால், சமூகச் சேவை அலுவலகத்திற்கு உடன் செல்லுங்கள். முஸ்லிமாக இருந்தால் ஸக்காத் உதவிக்கு விண்ணப்பிக்கத் துணை நில்லுங்கள். படம் எடுத்துப் பரப்பாதீர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் முதியோரின் உழைப்பில் பரக்கத் செய்வாயாக. அவர்களின் சுமையை இலேசாக்குவாயாக. நாங்கள் காணாமல் கடந்து சென்றவர்களுக்காக எங்களை மன்னிப்பாயாக. விசாரிக்கும் உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக.

ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.