ஊமை உயிர்களுக்குப் பட்ட கடன்

ஒரு குழந்தை பார்வை பெறுவதற்காக ஒரு முயல் தன் கண்ணில் துன்புறலாமா? கேள்வி சிறியது, விடை எளிதன்று. 'விலங்குகள் மனிதனுக்காகவே படைக்கப்பட்டவை. இதில் கேள்விக்கு இடமேது?' என்பார் ஒரு சாரார். 'எவ்வுயிரையும் வதைக்க எவர்க்கும் உரிமையில்லை' என்பார் மறுசாரார். இரண்டுமே சிந்திக்கும் சுமையை நம் தோளிலிருந்து இறக்கி வைத்துவிடும் விடைகள். அதனை இறக்கி வைக்காமல் சற்றுத் தூரம் சுமந்து பார்ப்போம்.

கண்புரை முதுமையின் நோய் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். புரையோடு பிறக்கும் குழந்தைகளும் உண்டு. அறுவை மருத்துவர் அப்புரையை அகற்றிவிடலாம். ஆனால் இடர் அத்துடன் தீர்வதில்லை. முதியவரின் கண் அறுவையை ஓரளவு அமைதியாக ஏற்றுக்கொள்ளும். குழந்தையின் கண்ணோ கடுமையான அழற்சி கொள்ளும். குருதியிலிருந்து கசியும் ஃபைப்ரின் என்னும் நார்ப்பொருள் கண்மணியின் குறுக்கே சவ்வாகப் படர்ந்துவிடக்கூடும். திறந்து வைத்த சன்னல் மீண்டும் அடைபட்டதற்கு ஒப்பாகும் அது. ஸ்டீராய்டு மருந்துகள் அழற்சியை அடக்குகின்றன. ஆனால் சில கண்களில் அவை அழுத்தத்தை உயர்த்தி வேறொரு கேட்டை விளைவிக்கின்றன. அழுது திமிறும் மழலையின் கண்ணில் பலமுறை சொட்டு மருந்து இடுவது எத்தகைய பாடு என்பதைத் தாய்மார் அறிவர்.

ஆகவே, அறுவையின்போதே கண்ணுக்குள் மருந்தை வைத்துவிட முடியுமா, ஃபைப்ரின் உறையாதபடி ஹெப்பாரின் போன்ற மருந்தைக் கழுவுநீரில் கலக்கலாமா என்றெல்லாம் ஆய்வாளர்கள் தேடி வந்துள்ளனர். இத்தேடலில் இளம் முயல்கள் பயன்படுகின்றன. அறுவைக்கு அவற்றின் கண் காட்டும் சீற்றம் குழந்தையின் கண்ணை ஒத்திருப்பதே காரணம். ஆய்வு முடிவில் திசுக்களைச் சோதிப்பதற்காக அம்முயல்கள் பெரும்பாலும் கொல்லப்படுகின்றன. இதனை மென்மையான சொற்களால் மூடி மறைப்பது நேர்மையாகாது.

இதற்கு முன்பே பூனைக்குட்டிகளிடம் நாம் கடன்பட்டிருக்கிறோம். டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் என்னும் அறிவியலார் இருவர் 1960களின் தொடக்கத்தில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையைத் தைத்து மூடினர். சில மாதங்களுக்குப்பின் திறந்தபோது, கண் நன்றாகவே இருந்தது. மூளைதான் அக்கண்ணைக் கைவிட்டிருந்தது. வளர்ந்த பூனையின் கண்ணை மூடியபோது இக்கேடு நேரவில்லை. பார்வை வேர்கொள்ளத் தொடக்கக் காலம் ஒன்று உண்டு, அது கடந்தால் ஈடுசெய்வது அரிது என்னும் உண்மை இதனால் துலங்கியது. 1981இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர். பிறவியிலேயே அடர்ந்த புரை கொண்ட குழந்தைக்குப் பிறந்த ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் அறுவை செய்ய வேண்டும் என்று மருத்துவர்கள் இன்று விரைவதற்கு அப்பாடமும் ஒரு காரணம்.

விலங்கின்றி இவற்றைக் கற்றிருக்க முடியாதா? சிலவற்றை முடியும். உலகப்போரில் விமானக் கண்ணாடியின் பிளாஸ்டிக் சில்லுகள் பாய்ந்த விமானிகளின் கண்களில் அழற்சி மூளாததைக் கூர்ந்து கண்டவர் ஹெரால்டு ரிட்லி. 1949இல் இலண்டனில் செயற்கை விழிவில்லையை முதன்முதலாகப் பொருத்தியவர் அவரே. நேர்ந்துவிட்ட துன்பத்தை உற்றுநோக்கிக் கற்ற கல்வி அது. ஆயினும் எல்லாக் கல்வியும் அவ்வாறு கிட்டுவதில்லை. அழற்சி என்பது குருதியும் திசுவும் சேர்ந்து நிகழ்த்துவது. கண்ணாடிக் குப்பியில் வளரும் உயிரணுக்கள் அதனை முழுமையாகக் காட்டமாட்டா. புதிய மருந்தை எவ்வுயிரிலும் சோதிக்காமல் கொடுத்தால், அதனை முதலில் பெறும் குழந்தையே சோதனைப் பொருளாகிவிடும். முயலின் கண் குழந்தையின் கண்ணன்று என்பதும் உண்மையே. முயலிடம் வென்ற மருந்து மழலையிடம் தோற்பதுண்டு. ஆனால் முயலிடமே தீங்கு செய்த மருந்து மழலையை எட்டாமல் தடுக்கப்படுகிறதே, அது சிறு நன்மையன்று.

1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, மனித உயிரைக் காக்கவோ பேணவோ உதவும் விலங்கு ஆய்வுகளை நியாயமான எல்லைக்குள் ஏற்கிறது. தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரணானது என்றும் உரைக்கிறது. அதாவது, இசைவும் எல்லையும் ஒருசேரத் தரப்பட்டுள்ளன. யோனா நூலின் இறுதியில் நினிவே நகருக்காக இறைவன் பரிந்து பேசுகையில், வலக்கை இடக்கை அறியாத மக்களைக் குறிப்பிட்ட கையோடு கால்நடைகளையும் குறிப்பிடுகிறார். அம்மக்கள் குழந்தைகளே என்று கொள்வாரும் உளர். தமக்காக வழக்காட இயலாத இரு கூட்டத்தார் அங்கே இறைவனின் ஒரே இரக்கத்துக்குள் அடங்குகின்றனர். ஆய்வுக்கூடத்திலும் அதே இருவரே எதிரெதிரே நிற்கின்றனர். குழந்தைக்காகப் பெற்றோர் பேசுவர். முயலுக்காகப் பேசுவார் யார்?

விலைக்கும் கடனுக்கும் உள்ள வேற்றுமையை இங்குக் கருத வேண்டும். விலை கொடுத்தால் வணிகம் முடிந்துவிடும். எவரும் எவர்க்கும் பொறுப்பில்லை. கடனோ, பெற்றபின்னும் நம்மைப் பிணிக்கும். முயலின் துன்பத்தைக் குழந்தையின் பார்வைக்கு விலையாக எண்ணினால் மனச்சான்று உறங்கிவிடும். கடனாக எண்ணினால் அது கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும்.

முதற்கேள்வி: இது உண்மையிலேயே தேவையா? 1944இல் வகுக்கப்பட்ட டிரெய்ஸ் சோதனையின்படி, அழகுப் பொருள்களுக்காகவும் முயல்களின் கண்களில் பொருள்கள் இடப்பட்டன. பார்வைக்கும் பூச்சுக்கும் வேறுபாடு தெரியாத அறம் அறமாகாது. அழகுப் பொருள்களுக்கான விலங்குச் சோதனையை இந்தியா 2014இல் தடை செய்தது நற்செயல். இரண்டாம் கேள்வி: துன்பம் குறைக்கப்பட்டதா? மாற்றுவழி நாடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், வேதனையைத் தணித்தல் ஆகிய மூன்றையும் ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இலேயே வலியுறுத்தினர். மூன்றாம் கேள்வி நம்மை நோக்கியது: அத்துன்பத்தால் பெற்ற அறிவை நாம் வீணாக்குகிறோமா?

வாரக்கணக்கில் காலம் தவறினாலே பார்வை போகும் என்று அவ்வுயிர்கள் துன்புற்று நமக்குக் கற்பித்தன. நாமோ, மழலையின் கண்மணியில் வெண்மை கண்டும், 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று மாதங்களைக் கடத்துகிறோம். அறுவைக்குப்பின் அழற்சியை அடக்கும் மருந்தைக் குழந்தை அழுகிறதென்று பாதியில் நிறுத்துகிறோம். கருவுற்ற தாயைத் தாக்கிக் குழந்தைக்குப் புரையை உண்டாக்கவல்ல ருபெல்லாவைத் தடுக்கும் ஊசி 2017 முதல் தமிழகத்தில் இலவசமாக இடப்பட்டும், சிலர் தம் பிள்ளைகளை அழைத்துச் செல்வதில்லை. ஆய்வாளரைக் கொடியவர் எனப் பழிப்பது எளிது. அவர் தேடித் தந்த அறிவைப் பயனின்றி விடுபவரும் அந்த உயிரின் துன்பத்தைப் பொருளற்றதாக்கிவிடுகிறார்.

பிறந்த குழந்தையைப் பார்க்கச் செல்லும் வீட்டில் முகச்சாயலைப் பற்றிப் பேசுகிறோம். அதன் இரு கண்மணிகளும் கருமையாக இருக்கின்றனவா என்றும் ஒருமுறை பார்ப்போம். வெண்மை தெரிந்தால் அன்றே கண் மருத்துவரிடம் அனுப்புவோம். நாம் அடைக்க வேண்டிய கடனின் முதல் தவணை அது.