கெழக்குன்னா கீழேயா?

அப்பா பன்னிரண்டு வருஷம் துபாயில் வேலை பார்த்தார். டிவியில் 'மத்திய கிழக்கில் பதற்றம்' என்று ஓடும்போதெல்லாம் அப்பாயி ஒரே கேள்வியைத்தான் கேட்கும்: "பிளேனு மேக்காலதானடா போச்சு? அப்புறம் ஏன் கெழக்குங்கிறான்?"

பதில் காலேஜில்தான் கிடைத்தது. லண்டனில் நின்று பார்த்தால் அது கிழக்கு. 1902-இல் ஆல்ஃபிரட் மாஹன் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி பாரசீக வளைகுடாப் பக்கத்தைக் குறிக்க அந்தப் பெயரில் எழுதினார், பிறகு அதுவே ஒட்டிக்கொண்டது. இந்திய வெளியுறவுத் துறை 'மேற்கு ஆசியா' என்கிறது. நம் செய்தி வாசிப்பவர்கள்தான் இன்னும் லண்டனிலிருந்து இறங்கவில்லை.

எட்வர்ட் சயீதின் 'ஓரியண்டலிசம்' (1978) படித்த சூட்டில் இதை எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். ஓரியண்ட் என்ற சொல்லில் தப்பே இல்லை. லத்தீனில் அது 'எழுவது', அவ்வளவுதான். கிரேக்கத்திலிருந்து வந்த அனடோலியா, பிரெஞ்சிலிருந்து வந்த லெவண்ட் எல்லாமே சூரியன் எழும் பக்கம்தான். சொல்கிறவன் எங்கே நிற்கிறான் என்பதில்தான் வில்லங்கம் என்று விளக்குவேன். அப்போது ஒரு நண்பன் கேட்டான்: "சரி, நம்ம கிழக்கு?"

நம் கிழக்கில் சூரியனே இல்லை. 'கீழ்' என்பதிலிருந்து வந்தது கிழக்கு, 'மேல்' என்பதிலிருந்து மேற்கு. மேற்கே மலை, கிழக்கே சரிந்துபோய்க் கடல். குணக்கு, குடக்கு என்ற பழைய சொற்களும் இருந்தன, ஆனால் பேச்சில் நின்றது மேடும் பள்ளமும்தான். எங்கள் டெல்டாக்காரர்களுக்கு இதைப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தால் தண்ணீர் மேலேயிருந்துதான் வரும். கடைமடை கிழக்கே இருக்கிறது, அங்கே கடைசியாகத்தான் போய்ச் சேரும். சில வருஷம் சேராது. திசைப் பெயரிலேயே யாருக்கு முதலில் தண்ணீர் என்பதும் இருக்கிறது.

கேரளத்தில் இது இன்னும் வேடிக்கை. அங்கே மலை கிழக்கே, கடல் மேற்கே. ஆனாலும் மலையாளத்தில் கிழக்கு கிழக்குதான், 'கீழ்' பக்கம் வானத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது. (மேற்கைப் 'படிஞ்ஞாறு' என்று ஞாயிறு படும் திசையாகச் சொல்லிச் சமாளித்துவிட்டார்கள்.) மலைக்கு இந்தப் பக்கம் பிறந்த சொல் அந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதற்குக் கால்டுவெல் இதையே சாட்சியாகக் காட்டினார். நிலம் மாறினாலும் சொல் மாறுவதில்லை.

நண்பனிடம் நான் சொன்னது: "இது வெறும் நிலச்சரிவுடா, இதுல உயர்வு தாழ்வு இல்ல." நம்பித்தான் சொன்னேன்.

ரெண்டு வருஷம் முன்னால் ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். துபாயில் அப்பாவோடு ஒரே அறையில், மேல் கட்டிலும் கீழ் கட்டிலுமாக ஆறு வருஷம் இருந்தவர். இவருக்குக் காய்ச்சல் என்றால் அவர்தான் கஞ்சி வைப்பாராம். வாசலிலேயே நின்றார். அப்பா "உள்ள வாங்க" என்றார். அவர் அப்பாயியைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், இன்னும் நாலு வீடு போகணும்" என்றார். பத்திரிகை திண்ணையில் வைக்கப்பட்டது. சயீதைப் படித்த நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் போனதும் கேட்டேன், "ஏன் அப்பாயி அப்படிப் பாத்த?"

"எப்படிப் பாத்தேன்? கீழத்தெருதானே அவரு."

"கீழன்னா?"

"கெழக்கால இருக்கிற தெருடா. நீதானே சொன்ன, தெசைதான்னு."

அதற்கு மேல் பேச எனக்கு வாய் வரவில்லை. அப்பாயி என் விளக்கத்தையே எடுத்து எனக்கு நீட்டிவிட்டது. கிழக்கு என்ற சொல்லின் நல்ல அர்த்தம் ஒன்று கையில் இருப்பதால்தானே இன்னொன்றைத் தைரியமாகச் சொல்ல முடிகிறது? மாஹன்கூட 'மேப்பைத்தான் சொன்னேன்' என்றிருப்பார்.

அன்று ராத்திரி கூகுள் மேப்பில் எங்கள் ஊரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோயில், குளம், எங்கள் வீடு. கீழத்தெரு எங்களுக்கு வடக்கே இருக்கிறது. கோயிலுக்கும் வடக்கேதான்.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைக்கூடத் தேடவில்லை. "தெரியும்டா" என்றார்.